தேடிய மேடும் தேடாத மேடும்

"துன்பம் மனிதனைப் புடம்போடும்" என்று நாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! செத்த வீட்டில் சொல்கிறோம். வைத்தியசாலைக் கட்டிலருகே நின்று சொல்கிறோம். வீடுவாசலை இழந்து வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறோம். சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். கேட்பவரோ தலையை மாத்திரம் அசைத்துவிட்டு மௌனமாக இருந்துவிடுகிறார். அந்த மௌனத்தின் பொருள் யாது என்று நாம் நின்று யோசிப்பதில்லை.

எனக்கு அதன் பொருளை ஒரு சிறுவன் வாய்திறந்து சொல்லித் தந்தான்.

பல வருடங்களுக்கு முன் மலைநாட்டுத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துச் சமதரையில் பிறந்து வளர்ந்தவன் நான். பாடசாலை வாசலிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கி ஏறுவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அப்படிப்பட்ட என்னிடம் மரதன் ஓட்டத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. பேர்பெற்ற நெடுந்தூர ஓட்டவீரர்கள் செங்குத்தான மேடுகளில் ஓடிப் பழகுவார்கள் என எங்கோ வாசித்திருந்தேன். அந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு, தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே போகும் செங்குத்தான பாதையில் தினமும் மாலையில் ஆறு தரம் ஏறி ஓடும்படி பையன்களுக்குக் கட்டளையிட்டேன்.

அவர்களுள் ஒருவனுக்குப் பதினைந்து வயதிருக்கும். முதற் கிழமையில் அவனே எல்லோருக்கும் முன்னால் ஓடினான். மூன்றாம் கிழமையில் பின்தங்கினான். ஒருநாள் நான்காம் தரம் ஏறி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். "மேடுதானடா உன்னை உரமாக்கும், இன்னும் இரண்டு தரம் ஏறு" என்றேன். அவன் கோபமில்லாமல், மரியாதை குறையாமல் சொன்னான்: "ஓடுற மேடு பெருசில்ல சேர். முடியலன்னா இப்படி நின்னுக்கலாம். தண்ணி தூக்குற மேட்டுல நிக்க முடியாதுங்க."

பிறகு விசாரித்தேன். தாய் நோயாளி. லயத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது பீலி. விடியற்காலையில் அங்கிருந்து நாலு குடம் தண்ணீரை அவனே மேட்டில் ஏற்றுவான். அதன் பின்பே பாடசாலைக்கு நடப்பான். மத்தியானம் பெரும்பாலும் பட்டினி.

நான் வாயடைத்துப்போனேன். அவனுடைய கால்கள் ஒன்றே. ஏறிய சரிவும் ஏறக்குறைய ஒன்றே. மேடு மனிதனை உரமாக்கும் என்பது உண்மையானால், எல்லோரிலும் அதிகமாக மேடு ஏறியவன் அல்லவா எல்லோரிலும் உரமாக இருந்திருக்க வேண்டும்? அவன் ஏன் தேய்ந்துபோனான்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மேட்டு ஓட்டத்தைப் பற்றிப் பின்னர் நான் தேடி அறிந்துகொண்டவை அதற்கு ஒரு விடையைத் தந்தன. அந்த விடை ஓட்டத்துக்கு மாத்திரம் உரியதன்று.

சப்பாத்துத் தொழிலாளி கண்ட வழி

மேட்டு ஓட்டத்தை முறையான ஒரு பயிற்சியாக உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் நியூசிலாந்து நாட்டின் ஆதர் லிடியாட். 1917இல் பிறந்த இவர், ஓக்லண்ட் நகரிலே சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒருநாள் தம்மிலும் மூத்த நண்பர் ஒருவரோடு ஐந்து மைல் ஓடப் போய், மூச்சிரைத்துத் திணறியபோதுதான் தமது உடலின் நிலைமையை உணர்ந்தாராம். அதன் பின்பு எவ்வளவு தூரம் ஓடினால் உடல் தேறும், எவ்வளவு ஓடினால் சோரும் என்பதைப் பல வருடங்களாகத் தம்முடைய உடலிலேயே சோதித்துப் பார்த்தார். 1953இலும் 1955இலும் நியூசிலாந்தின் மரதன் பட்டத்தை வென்றார்.

அவருடைய மாணவர்கள் பெரும்பாலும் அயலிலே வசித்த சாதாரண இளைஞர்கள். வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீற்றர் அளவில் அவர்களை ஓடவைத்தார். நகருக்கு மேற்கே வைட்டாக்கரே மலைத்தொடரில், வையாட்டருவா என்ற இடத்தின் வழியாக ஏறி இறங்கும் 22 மைல் பாதை அவர்களது நீண்ட ஓட்டத்துக்குரிய பாதையாயிற்று. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் செப்ரெம்பர் 2ஆம் திகதி, ஒரே நாளில், அவருடைய மாணவர் இருவர் தங்கப் பதக்கம் வென்றனர். பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மறே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் வென்றார்கள். அதே ஒலிம்பிக்கில் பரி மக்கீ மரதன் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார்.

எனது பிழை எங்கே இருந்தது என்பதை லிடியாட்டின் முறையைப் படித்தபோதே கண்டுகொண்டேன். அவர் எவரையும் எடுத்த எடுப்பிலே செங்குத்தான மேட்டில் ஏற்றவில்லை. முதலில் பல கிழமைகள், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், நீண்ட தூரம் ஓடவைத்தார். அந்த அத்திவாரம் இட்ட பின்பே மேட்டுப் பயிற்சி. அதுவும் நான்கு முதல் ஆறு கிழமை மாத்திரம். துள்ளித் துள்ளி மேட்டில் ஏற வேண்டும். உச்சியில் மெதுவாக ஓடி மூச்சை ஆற்றிக்கொள்ள வேண்டும். பின்பே இறங்க வேண்டும். பழகு, ஆனால் உன்னை முறித்துக்கொள்ளாதே என்பதே அவருடைய ஓயாத அறிவுரை.

உரம் ஊறுவது எப்போது?

இதற்கு உடற்கூற்றிலே காரணம் உண்டு. மேட்டில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் முழுப் பாரத்தையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. கெண்டைக்கால், தொடை, இடுப்புத் தசைகள் யாவும் கடுமையாக உழைக்கின்றன. வேகம் குறைந்திருந்தும் இதயம் விரைந்து அடிக்கிறது. ஆயினும் பாதம் நிலத்தில் மோதும் அதிர்ச்சி சமதரையிலும் குறைவே. அதனாற்றான் மேடு நல்ல ஆசானாகிறது.

கீழே இறங்குவதுதான் இலகு என்று நாம் எண்ணுவோம். உண்மை மறுபுறமானது. இறங்கும்போது தொடையின் முன்புறத் தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். அதனால் தசையின் நுண்ணிய இழைகள் சிதைகின்றன. அந்த நோவு உடனே தெரிவதில்லை. ஒன்றிரண்டு நாட்களின் பின்னரே உச்சத்துக்கு வருகிறது. துன்பம் முடிந்துவிட்டது என்று ஊரார் எண்ணும் வேளையில்தான் உள்ளே வலி எடுக்கிறது. அன்புக்குரியவரை அடக்கஞ்செய்து, வந்தவர்கள் எல்லோரும் போன பின்பு, வெறும் வீட்டில் இருந்தவர்களுக்கு இது விளங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இன்னொன்று. மேட்டில் நிற்கும்போது எவருக்கும் பலம் கூடுவதில்லை. மேடு தசையைச் சிதைக்கிறது, சேமித்த சக்தியைச் செலவழிக்கிறது, அவ்வளவே. பலம் ஊறுவது அதன் பிறகு, உண்ணும்போதும் உறங்கும்போதும், இலகுவான நாட்களிலும். சிதைந்த இழைகள் அப்போதுதான் முன்னிலும் உறுதியாகப் பொருந்துகின்றன. ஆறுவதற்கு அவகாசம் கொடாமல் மேலும் மேலும் ஏற்றினால் அதே மேடு கால்களை முறித்துவிடும்.

ஆகவே மேடு தானாக ஒருவனை உரமாக்குவதில்லை. முன்னரே இட்ட அத்திவாரம், பின்னர் கிடைக்கும் ஆறுதல், வேண்டாமென்றால் நின்றுவிடும் உரிமை ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அது பயிற்சியாகும். இம்மூன்றும் இல்லாத மேட்டுக்குப் பயிற்சி என்று பெயரிடுவது அநியாயம். என்னுடைய மாணவனுக்கு விடியற்காலை மேட்டில் இவற்றுள் ஒன்றேனும் இருக்கவில்லை. மாலையில் நான் அவனுக்குக் கொடுத்த மேட்டில் நிற்கும் உரிமை மாத்திரம் இருந்தது. அதையும் நான் பறிக்கப் பார்த்தேன்.

பொஸ்டன் மேடு

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1897 முதல் மரதன் ஓட்டம் நடந்து வருகிறது. அந்தப் பாதையில் நியூற்றன் என்னும் இடத்து மேடுகளுள் கடைசியானதற்கு 'இதயம் நொறுங்கும் மேடு' என்று பெயர். பெயரைக் கேட்டால் பெரிய மலை என்று தோன்றும். உண்மையில் ஏறத்தாழ 600 மீற்றர் நீளத்தில் 27 மீற்றர் மாத்திரமே உயர்கிறது. எங்கள் மலைநாட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்தால் சிரிப்பார்கள். அப்படியிருந்தும் பலர் அங்கே துவண்டுவிடுவது ஏன்? அது 20ஆம் மைலைத் தாண்டி வருகிறது. ஓட்டக்காரரின் உடலில் சேமித்துவைத்த சக்தி வற்றிப்போகும் கட்டம் அது. அதற்கு முன்னுள்ள பாதையோ பெரும்பகுதி இறக்கமானது. தொடைத் தசைகள் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

மேட்டின் கடினத்தை அதன் உயரத்தை மாத்திரம் பார்த்து அளக்க முடியாது. ஏறுபவர் அதற்கு முன் எவ்வளவு தூரம் வந்தார் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும். "இதுகூடவா இவளால் தாங்க முடியவில்லை? எங்கள் காலத்தில் நாங்கள் இதைவிட எத்தனையோ பட்டோம்" என்று பேசுகிறோமே, அப்போது அவளுடைய 20 மைல்களையும் நாம் கணக்கில் எடுக்கிறோமா?

அந்த மேட்டுக்குப் பெயர் வந்த கதையும் அறிய வேண்டியது. 1936ஆம் ஆண்டு ஓட்டத்தில், அமெரிக்கப் பூர்வகுடியான நரகான்செற் இனத்தைச் சேர்ந்த எலிசன் பிறவுண் என்பவர் நெடுந்தூரம் முன்னால் ஓடினார். முந்திய வருடம் வென்ற ஜோன் கெலி, நியூற்றன் மேடுகளிலே அவரைத் துரத்திப் பிடித்தார். பிடித்தவர், கடந்து செல்கையில் பிறவுணின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். 'போதும் தம்பி, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதுபோல இருந்தது அந்தத் தட்டு. அது பிறவுணை உசுப்பிவிட்டது. அவர் மீண்டும் பாய்ந்து முன்சென்று வெற்றிபெற்றார். கெலி ஐந்தாவதாக வந்தார். பொஸ்டன் குளோப் பத்திரிகையின் ஜெரி நேசன், கெலியின் இதயம் அந்த மேட்டிலே நொறுங்கியது என்ற கருத்தில் எழுத, பெயர் நிலைத்துவிட்டது.

கெலி அன்பாகத் தட்டினாரோ அலட்சியமாகத் தட்டினாரோ, நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. அவர் நல்ல மனிதர். 1945இலும் அதே ஓட்டத்தில் வென்று, 84 வயதுவரை அங்கே ஓடியவர். ஆனால் மேட்டில் இளைத்து நிற்பவனுக்கு மேலேயிருந்து வரும் தட்டு எப்படி உறைக்கும் என்பதை அந்தச் சம்பவம் காட்டுகிறது. "துன்பம் உன்னைப் புடம்போடும்" என்ற வார்த்தையும், நாம் அறியாமலே, சிலவேளை அத்தகைய ஒரு தட்டாகிவிடுகிறது.

பின்னால் வந்த முதியவர்

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் லிடியாட்டின் ஊரிலே நடந்தது. அவர் ஓட்டவீரர்களை மாத்திரமன்றி, மாரடைப்புக் கண்டு தேறியவர்களையும் வயது முதிர்ந்தவர்களையும் மெதுவோட்டத்தில் பழக்கினார். 1962இன் இறுதியில் அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன் அங்கே சென்றார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஊரவரோடு சேர்ந்து ஒரு குன்றை நோக்கி ஓடினார். உலகப் புகழ்பெற்ற வீரர்களைப் பழக்கிய அவருக்குத் தம்மால் ஓட முடியவில்லை. எல்லோரும் முன்னே போய்விட்டனர். அப்போது மாரடைப்பிலிருந்து மீண்ட, எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் தமது வேகத்தைக் குறைத்துப் பின்னால் வந்து, அவரோடு பேசிக்கொண்டே மேட்டில் கூட ஓடினாராம். ஊர் திரும்பிய பவர்மன், சாதாரண மக்களையும் ஓடவைக்கும் முயற்சியை அமெரிக்காவிலே தொடங்கினார்.

அந்த முதியவர் மேட்டின் நன்மையைப் பற்றிப் போதிக்கவில்லை, தோளில் தட்டவுமில்லை. தமது வேகத்தை விட்டுக்கொடுத்தார். அது போதுமாயிருந்தது.

தைரியமும் நியாயமும்

தைரியம் என்ற புண்ணியத்தைப் பற்றி எழுதிய புனித தோமஸ் அக்குவினாஸ், எதிர்த்துப் பாய்வதைவிடத் தாங்கி நிற்பதே அதன் தலையாய செயல் என்று கற்பிக்கிறார். பாய்பவன் தன் பலத்தை நம்பிப் பாய்கிறான்; ஆபத்தை இனி வரப்போவதாகக் காண்கிறான். தாங்குபவனோ தன்னிலும் வலியதை, இப்போதே, நெடுநேரம் தாங்க வேண்டியவனாக இருக்கிறான். இதன்படி பார்த்தால், மைதானத்தில் பதக்கம் வாங்கியவனைவிட, அதிகாலையில் குடம் சுமந்த சிறுவனே பெரிய தைரியசாலி.

ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. அவனுடைய தைரியத்தைப் புகழ்ந்துவிட்டு, குடத்தை அவன் தலையிலேயே விட்டுவிடலாம். "கஷ்டப்பட்ட பிள்ளை, முன்னுக்கு வருவான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். தாங்கும் ஒருவரின் பெருமை, அந்தப் பாரத்தை அவர்மேல் வைத்திருப்பதற்கு நியாயமாகாது. துன்பத்திலிருந்தும் சிலர் ஒளிபெற்று எழுவது உண்மைதான். மறே ஹல்பேர்க் வாலிபத்தில் றக்பி விளையாட்டில் காயமடைந்து இடது கையின் செயலைப் பெரும்பாலும் இழந்தவர். அந்த மேட்டை அவர் தேடிக்கொள்ளவில்லை. இருந்தும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதன்பின் அவர் செய்ததைக் கவனியுங்கள். அங்கக் குறைவு மனிதனை உரமாக்கும் என்று சொல்லித் திரியவில்லை. 1963இல், உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கு உதவ ஒரு நிதியத்தை உண்டாக்கி, 2022இல் இறக்கும்வரை அதனோடு இணைந்திருந்தார். மேட்டின் கொடுமையை உண்மையாக அறிந்தவர் மற்றவரின் மேட்டைத் தணிக்கவே பார்ப்பார்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு மேடே வேண்டாமா என்று பெற்றோர் கேட்கலாம். வேண்டும். எல்லா மேட்டையும் வெட்டிச் சமதரையாக்கிக் கொடுத்தால் பிள்ளை ஒரு சிறு ஏற்றத்திலும் இளைத்துவிடும். ஆனால் பத்து வயதுப் பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று விடியற்காலை முதல் இரவுவரை விளையாட்டும் உறக்கமும் இன்றி வகுப்புக்கு வகுப்பு ஓட்டும்போது, அத்திவாரம் எங்கே, ஆறுதல் எங்கே, "முடியவில்லை அம்மா" என்று சொல்லி நிற்க இடம் எங்கே என்று நம்மை நாமே கேட்க வேண்டும். ஆறு தரம் ஏறு என்று கட்டளையிட்ட ஆசிரியனின் பிழையை வீட்டிலும் செய்யக்கூடும்.

தவக்காலத்தில் நாம் மேற்கொள்ளும் ஒறுத்தலையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். அது நாமே தேடிக்கொள்ளும் மேடு. ஒருவேளை உணவை விட்டு, மிச்சம்பிடித்ததை ஏழைக்குக் கொடுக்கும்படி திருச்சபை ஆதிமுதல் கற்பிப்பதன் கருத்து என்ன? தேடிய மேட்டினால் வரும் பலன் தேடாத மேட்டில் நிற்பவரைப் போய்ச் சேர வேண்டும் என்பதே.

நான் தொடங்கிய கதையை முடிக்கிறேன். மறுநாள் அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மேட்டு ஓட்டத்தைக் கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைத்தேன். மத்தியானச் சாப்பாட்டில் அவனுக்கு ஒரு பங்கு ஒதுக்கினேன். இவை நான் செய்தவை. மற்றப் பையன்கள் செய்ததோ என் புத்திக்கு எட்டாதது. மேடு ஏறுவதுதானே பயிற்சி, அதைப் பீலியிலிருந்து ஏறினால் என்ன என்று அவர்களே பேசி முடிவுசெய்து, அதிகாலையில் முறைவைத்து ஆளுக்கொரு குடமாக அந்த வீட்டுத் தண்ணீரை ஏற்றிக் கொடுத்தார்கள். ஒருவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நானும் ஒருநாள் ஒரு குடத்தைத் தூக்கிப் பார்த்தேன். பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு நின்றேன்.

அந்த வருடப் போட்டியில் அவன் நான்காவதாக வந்தான். பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் துன்பப்படும் ஒருவரின் முன்னால் பழைய வார்த்தை என் நாவுக்கு வரும்போதெல்லாம், பாதி வழியில் நான் இறக்கி வைத்த அந்தக் குடம் நினைவுக்கு வருகிறது. வார்த்தையை விழுங்கிக்கொண்டு, தூக்குவதற்கு ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.